ஆராய்ச்சிக்கு முதல் மானியம்

(சமூக விஞ்ஞானத் துறைகளின் ஆய்வு மாணவர்களும், மானியப் பிரிவுகளில் பணிபுரியும் அலுவலர்களும் பங்கு கொண்ட ஒரு பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மானியம் கேட்பவர்களும் மானியம் வழங்குபவர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்திருப்பது அரிதான காட்சி. வழக்கமாக இவ்விரு சாராரும் ஒரு கோப்பின் மூலமாகவே ஒருவரையொருவர் அறிவார்கள். கேட்பவருக்குத் தம் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பது தெரியாது. வழங்குபவருக்குக் கோப்பின் பின்னால் இருக்கும் மனிதர் தெரியாது. இன்று அந்த இடைவெளி சில மணி நேரத்துக்காவது குறைந்திருக்கிறது. ஆகவே இரு சாராருக்கும் சேர்த்தே பேச விரும்புகிறேன்.

எனக்குத் தரப்பட்ட பொருள், சமூக விஞ்ஞானங்களிலும் வரலாறு, மொழி, தத்துவம் போன்ற துறைகளிலும் தொடக்க நிலையிலுள்ள ஆராய்ச்சிக்கு நிதியுதவி கோருவது எப்படி என்பதாகும். படிவத்தை நிரப்பும் முறையை உங்களுக்கு வேறு அலுவலர்கள் விளக்குவார்கள். நான் அதற்கு முந்திய ஒரு கேள்வியை எடுத்துக் கொள்கிறேன். தொடக்க நிலை மானியம் என்பது எதை வாங்குவதற்கான பணம்?

சணல் வயலில் கற்ற பாடம்

1930-களில் வங்காளத்தில் சணல் எத்தனை ஏக்கரில் பயிராகிறது என்பது வணிகருக்கும் அரசாங்கத்துக்கும் மிகவும் தேவையான புள்ளிவிவரமாக இருந்தது. ஒவ்வொரு வயலையும் எண்ணிக் கணக்கிடப் பெரும் செலவாகும். முடிவு வருவதற்குள் அறுவடையும் முடிந்துவிடும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பேராசிரியர் மகலநோபிஸ், மாதிரிக் கணக்கெடுப்பின் மூலம் இதைச் செய்ய முடியும் என்று கருதினார். ஆனால் எத்தனை மாதிரிகள் வேண்டும்? ஒவ்வொரு மாதிரித் துண்டும் எவ்வளவு பரப்பாக இருக்க வேண்டும்? கணக்கெடுப்பவர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடந்து செல்ல எவ்வளவு நேரமும் கூலியும் ஆகும்? இவற்றுக்கு விடை எவரிடமும் இல்லை.

ஆகவே 1937-ஆம் ஆண்டில், இந்திய மத்திய சணல் குழுவின் நிதியுதவியோடு, மிகச் சிறிய அளவில் முன்னோடிக் கணக்கெடுப்பு ஒன்று தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் அது சிறிது சிறிதாக விரிவாக்கப்பட்டு 1941-ல் மாகாணம் முழுவதையும் எட்டியது. முதலாண்டில் செலவிடப்பட்ட பணத்துக்கு மாகாணத்தின் சணல் பரப்பு என்ன என்ற விடை கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று எவரும் வாக்களிக்கவும் இல்லை. அந்த விடையைப் பெறும் வழி எது, அதற்கு என்ன செலவாகும், எங்கே தவறு நேரும் என்பவையே அப்பணத்துக்குக் கிடைத்தன. பின்னர் 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புத் தொடங்கியபோது, இந்த அனுபவம் நாடு முழுவதற்கும் பயன்பட்டது.

தொடக்க நிலை மானியம் வாங்கித் தருவது இதைத்தான். ஒரு கேள்வியைக் கேட்க முடியுமா, கேட்டால் எந்த வழியில் விடை தேடலாம் என்று கண்டறிவதற்கான பணம் அது.

இன்னோர் உதாரணம் நம் மாணவர்களுக்கு அதிக ஊக்கம் தரக்கூடியது. சென்னைப் பல்கலைக் கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி அவற்றின் நிலம், பயிர், கடன், கூலி ஆகியவற்றை விசாரித்து எழுதச் செய்தார். அக்கட்டுரைகள் 1918-ல் நூலாக வந்தன. அவற்றுள் ஒன்று அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து இருவேல்பட்டு என்ற கிராமத்தைப் பற்றியது. அதே கிராமம் 1936-37-லும், 1961-லும், 1981-லும், 2008-லும் மீண்டும் ஆராயப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓர் ஊரின் நிலவுடைமையும் கூலியும் சாதி உறவுகளும் மாறிய விதத்தை இன்று நாம் தொடர்ச்சியாக அறிய முடிகிறது. இதன் முதற்கல் ஒரு மாணவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்த விவரங்கள்.

நிறுவனங்கள்

சுதந்திரத்துக்குப் பின் திட்டக் கமிஷன் 1953-ல் ஆராய்ச்சித் திட்டக் குழு ஒன்றை அமைத்துப் பல்கலைக் கழகங்களுக்கு நிதியளித்தது. பேராசிரியர் வி. கே. ஆர். வி. ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1969-ல் இந்திய சமூக விஞ்ஞான ஆராய்ச்சிக் கவுன்சில் பிறந்தது. டி. ஆர். காட்கில் அதன் முதல் தலைவர், ஜே. பி. நாயக் முதல் உறுப்பினர்-செயலர். வரலாற்றுக்கு 1972-லும் தத்துவத்துக்கு 1977-லும் தனித்தனிக் கவுன்சில்கள் ஏற்பட்டன. திட்டக் கமிஷன் இன்று இல்லை; 2015 முதல் அதன் இடத்தில் நிதி ஆயோக் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இயற்கை விஞ்ஞானங்களுக்கு உரியது. சமூக விஞ்ஞானமும் கலைத்துறைகளும் விஞ்ஞான தொழில்நுட்பத்தோடு சந்திக்கும் எல்லை மட்டுமே அதன் வரம்பில் வருகிறது. ஆகவே தூய வரலாற்று ஆய்வாளரும் கிராமப் பொருளாதார ஆய்வாளரும் இன்னமும் பழைய கவுன்சில்களின் வாயிலையே நாட வேண்டியவர்கள்.

பல்கலைக் கழக மானியக் குழுவின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ. 37,000. இது வாழ்க்கைச் செலவுக்கு. சமூக விஞ்ஞான, கலைத்துறை ஆய்வாளருக்கு முதலிரண்டு ஆண்டுகளில் தரப்படும் இதரச் செலவுத் தொகையோ ஆண்டுக்கு ரூ. 10,000. மாதத்துக்கு எண்ணூறு ரூபாய்ச் சொச்சம். களத்துக்குச் செல்லும் மாணவர் இதற்குள் பஸ் கட்டணம், நகல் கட்டணம், நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். உதவித்தொகையே கிடைக்காதவர்களின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. தந்தை பேராசிரியராகவும் வீடு நகரத்திலும் அமைந்த மாணவர் எப்படியோ சமாளித்துவிடுவார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவருக்குச் சிறு மானியம் கிடைக்காவிட்டால், எந்தக் கேள்வியை அவர் ஒருவரே கேட்கக் கூடுமோ அது கேட்கப்படாமலே போகும்.

விண்ணப்பத்தில் காணும் குறைகள்

நான் படித்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஒரே விதமாகத் தொடங்குகின்றன. இந்தியா ஒரு விவசாய நாடு என்றோ, கல்வியே முன்னேற்றத்தின் அடிப்படை என்றோ முதல் பக்கம் சொல்லும். இதை மறுப்பவர் எவர்? மதிப்பிடும் பேராசிரியர் அன்று காலையில் இருபது விண்ணப்பங்களைப் படித்திருப்பார். அவர் தேடுவது, இந்த மாணவர் எதை அறிய விரும்புகிறார், அது ஏன் இதுவரை அறியப்படவில்லை என்ற இரண்டு வாக்கியங்களை. அவை நான்காம் பக்கத்தில் புதைந்திருந்தால் குற்றம் அவருடையதன்று.

"தென்னிந்தியாவில் பெண் தொழிலாளரின் சமூக பொருளாதார நிலை" என்று ஒரு தலைப்பு. ஓராண்டில், ஒரு லட்ச ரூபாயில், நான்கைந்து மாநிலங்களின் பெண் தொழிலாளர் அனைவரையும் பற்றிய ஆய்வு! அதே மாணவரோடு பத்து நிமிடம் பேசியபோது, ஒரு முந்திரித் தொழிற்சாலையில் துண்டுக்கூலி முறை மாறிய பின் வயதான பெண்கள் ஏன் வேலையை விட்டார்கள் என்பதே அவர் அறிய விரும்பியது என்று தெரிந்தது. அருமையான கேள்வி. அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "சிறிதாக இருந்தால் மதிப்பார்களோ என்று பயந்தேன், ஐயா" என்றார்.

முந்நூறு பேரிடம் வினாப்பட்டியல் என்பதும் ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. முந்நூறு ஏன், நாற்பது ஏன் போதாது என்பதற்குக் காரணம் சொல்லப்படுவதில்லை. தொடக்க நிலையில் பதினைந்து பேரிடம் நீண்ட நேரம் பேசி, எந்தக் கேள்வி அவர்களுக்குப் புரிகிறது, எது புரியவில்லை என்று கண்டறிவதே முழுப் பணியாக இருக்கலாம். வரலாற்று ஆய்வில் இதற்கு ஈடான படி, மூலங்களைப் பார்வையிடுதல். புணேயிலுள்ள பேஷ்வா தப்தரத்தின் ஆவணங்களில் பெரும்பகுதி மோடி எழுத்தில் இருக்கிறது. அவற்றைப் பயன்படுத்தப் போவதாக எழுதும் மாணவர் அந்த எழுத்தைப் படிக்க அறிவாரா? அறியாவிட்டால், முதல் ஆறு மாதம் அதைக் கற்கவும் எந்தக் கட்டுகள் தமக்கு உதவும் என்று குறித்துக் கொள்ளவும் செலவாகும் என்று வெளிப்படையாக எழுதலாம். அப்படி எழுதியவரை நான் நம்புவேன்.

இனி வரவு செலவுப் பட்டியல். மாணவர்கள் இதைக் கடைசி நாளில், பிறர் விண்ணப்பத்தைப் பார்த்து நிரப்புகிறார்கள். மதிப்பிடுபவர்களில் பலர் முதலில் திருப்புவதே இந்தப் பக்கத்தைத்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆய்வாளர் களத்தை அறிந்தவரா என்பதைப் பட்டியல் காட்டிக் கொடுத்துவிடும். "பயணம், ரூ. 30,000" என்ற ஒற்றை வரி எதையும் சொல்லாது. மாவட்டத் தலைநகரிலிருந்து கிராமத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், கடைசி நான்கு கிலோமீட்டருக்கு ஆட்டோ. ஆறு பயணம், ஒவ்வொன்றும் ஐந்து நாள். மொழி தெரிந்த உள்ளூர் உதவியாளருக்கு நாட்கூலி. ஆவணக் காப்பகத்தில் பக்கத்துக்கு இவ்வளவு நகல் கட்டணம் என்று எழுதினால், அந்த ஊருக்கு ஒரு முறையாவது நீங்கள் போய் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். தொகையைக் கூட்டிக் கேட்டால் எப்படியும் குறைப்பார்கள் என்ற கணக்கும் வேண்டாம். கூட்டப்பட்ட தொகையைக் கண்டுபிடிப்பது எங்கள் தொழில்.

என் பங்கு

அலுவலர்களுக்குச் சொல்ல வந்ததை என் சொந்தத் தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வுக் குழுவில் நிதிப் பிரதிநிதியாக அமர்ந்திருந்தேன். சிறு நகரத்துக் கல்லூரி ஆசிரியை ஒருவரின் விண்ணப்பம் வந்தது. நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தம் வட்டாரத்துக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களின் பழைய பேரேடுகளைப் பார்வையிட்டு, குடும்பவாரியாக நூல் விநியோகத்தையும் கூலியையும் பல ஆண்டுகளுக்குத் தொடர முடியுமா என்று பார்க்க விரும்பினார். நான்கு மாதம், கேட்ட தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவு. எதிர்பார்க்கும் முடிவுகள் என்ற இடத்தில், பேரேடுகள் எந்தெந்தச் சங்கத்தில் எஞ்சியிருக்கின்றன என்பதே முதலில் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தார். குழுவில் ஒருவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, ஆனால், "பயன் திட்டவட்டமாக இல்லை" என்று குறிப்பெழுதினேன். அன்றைய தினமே, எட்டு நோக்கங்களும் பதினொரு எதிர்பார்க்கும் முடிவுகளும் கொண்ட, இதைப்போல் பல மடங்கு தொகையுள்ள திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தோம்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு கருத்தரங்கில் அந்த ஆசிரியையைச் சந்தித்தேன். பெரும்பாலான சங்கங்கள் கட்டடத்தைப் புதுப்பித்தபோது பேரேடுகளைப் பழைய காகித வியாபாரிக்கு எடைக்குப் போட்டுவிட்டன என்றார். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னார். குறிப்பை எழுதியவன் நான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அந்தக் குறிப்பில் விதிமீறல் ஏதுமில்லை; எந்தத் தணிக்கையாளரும் அதில் குறை காண மாட்டார். பொதுப் பணத்துக்குப் பயன் காட்ட வேண்டும் என்ற நியாயமான கோட்பாட்டைத் தவறான இடத்தில் பிரயோகித்தேன். முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆராய்ச்சிக்குத் தொடக்க நிலை மானியம் எதற்கு? பேரேடுகள் இல்லை என்று ஓர் அறிக்கை வந்தாலும் அது செலவுக்கு ஈடான பயன்தான். அடுத்தவர் அதே வழியில் சென்று பத்து மடங்கு பணத்தை இழக்காமல் தடுக்கும்.

இரண்டாவதாக, காலம். பருவம் ஆய்வாளருக்காகக் காத்திருப்பதில்லை. ஜூன் மாத விதைப்பின்போது கடன் வாங்கும் முறையை ஆராய வேண்டியவருக்கு பிப்ரவரியில் முதல் தவணையை அனுப்பி, மார்ச் 31-க்குள் செலவுக் கணக்குக் கேட்டால் அவர் என்ன செய்வார்? 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் பயன்பாட்டுச் சான்றிதழுக்கு நிதியாண்டு முடிந்தபின் பன்னிரண்டு மாதம் அவகாசம் தருகின்றன. அந்த அவகாசத்தை நாமே சுருக்கிக்கொண்டு பழியை விதியின் மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. மானியம் கல்லூரியின் கணக்குக்குப் போய், அங்கே ஒப்பம் பெறுவதற்கே இரண்டு மாதம் ஆகும் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

மாணவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மானியத்துக்கு வங்கியில் சேரும் வட்டி உங்களுடையதன்று, கல்லூரியுடையதும் அன்று. இந்திய அரசின் தொகுப்பு நிதிக்கு அது திருப்பிச் செலுத்தப்பட வேண்டும். இச்சிறு தொகையை மறந்ததால் கணக்கு முடியாமல் இரண்டாம் தவணை நின்றுபோன கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். முதல் பஸ் டிக்கெட்டிலிருந்தே ரசீதுகளைத் தேதி வாரியாக ஒட்டி வையுங்கள். ரசீது கிடைக்காத செலவுகள் கிராமத்தில் நிறைய உண்டு. அவற்றை அன்றன்றே எழுதி, உதவியாளரிடம் கையொப்பம் பெற்றுக் கொள்ளுங்கள்.

உங்களுக்கு வழங்கப்பட்ட மாதிரி விண்ணப்பத்தில் ஆறாம் பக்கம் காலியாக விடப்பட்டிருக்கிறது. பிற்பகல் அமர்வுக்கு முன் மாணவர்கள் அதில் தங்கள் கேள்வியை இரண்டு வாக்கியங்களில் எழுதி, அதற்கான பயணச் செலவை மட்டும் விவரமாகக் கணக்கிட்டு வர வேண்டும். அவற்றுக்குக் குறிப்பெழுதப் போகிறவர்கள் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அலுவலர்கள். குறிப்புகளை அவர்கள் எழுதியவர் முன்னிலையிலேயே படிப்பார்கள்.