யந்திரத்தின் முகம்
(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கணினியைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். அதன் உள்ளே நடப்பவற்றை அறிந்தவர்கள் பலர் இருக்கின்றனர். நாம் பேச விரும்புவது அதன் முகத்தைப் பற்றி. மனிதனுடைய விரலும் கண்ணும் யந்திரத்தைச் சந்திக்கும் அந்த இடத்தை இடைமுகம் என்பர்.

இத்துறைக்கு இன்று பெரிய பெரிய நூல்கள் உண்டு. ஆனால் இப்பெயர் வழங்குவதற்கு முன்பே இவ்வேலையைச் செய்தவர் நம்மவர் ஒருவர். 1886 இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா அவர்களே அவர். தமிழுக்கு எழுத்துகள் 247. தட்டச்சு யந்திரத்திலோ நாற்பத்துச் சொச்சம் விசைகள். புள்ளிக்கு அவர் கண்ட வழி என்ன? அச்சிடும், ஆனால் உருளையை நகர்த்தாது என்னும்படி ஒரு விசை. புள்ளியை முதலில் அடித்துவிட்டு மெய்யை அடித்தால் இரண்டும் ஓரிடத்திலேயே விழும். இரும்புக்கு ஏற்ற தமிழைத் தேடாமல், தமிழுக்கு ஏற்றபடி இரும்பை வளைத்தார்.

கணினியில் உருளை இல்லை. ஆதலால் பழைய வரிசை கட்டாயமும் இல்லை. 1999 இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட ‘தமிழ்99’ விசைப்பலகையில் உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் அமைந்தன. ‘அம்மா’ என்று எழுதுவதைப் பாருங்கள். பழைய யந்திரத்தில் அ, புள்ளி, ம, ம, கால் என ஐந்து அடி. தமிழ்99 இல் அ, ம, ம, ஆ என நான்கே. ஒரே மெய் இருமுறை வந்தால் முன்னதற்குப் புள்ளி தேவை என்பது நம் மொழியின் இயல்பல்லவா? அந்த இயல்பை யந்திரத்துக்குக் கற்பித்துவிட்டார்கள். விரலுக்கு ஒரு வேலை குறைந்தது.

நம் நாட்டில் பழைய தட்டச்சு முறையைத் தழுவிய ரெங்கநாதன் விசைப்பலகை வழங்குகிறது. அதைக் குறை கூற மாட்டோம். தட்டச்சுப் பயின்ற கைக்கு அதுவே இலகு. எவர் கைக்கு என்று கேளாமல் எதையும் இலகு என்று சொல்ல இயலாது.

வாலிபர்களே, இங்கே உங்களிடம் ஒரு சொல். கைத்தொலைபேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புகிறீர்கள். உங்களுக்கு வேகம் சரிதான். லயத்தில் இருக்கும் பாட்டனார் தமிழ்ப் பத்திரிகையை வரிவிடாமல் வாசிப்பார். ஆனால் அவருடைய அண்ணன் இறந்த செய்தியை அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏ.ரி.எம். பொறியின் முன்னும் இதே கதை. எத்தனையோ வருடம் கொழுந்து பறித்து, சேமலாப நிதிப் பணம் வங்கிக்கு வந்தபின், “எனக்குப் படிப்பு இல்லை தம்பி” என்று அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் யாரோ ஒருவரிடம் நீட்டும் தாய்மாரைக் காண்கிறோம். படிப்பில்லாமை அவர் குற்றமா? டொனால்ட் நோர்மன் என்ற அமெரிக்க அறிஞர் 1988 இல் எழுதிய நூலில், பொருளைப் பயன்படுத்துவோர் தடுமாறினால் தம்மையே நொந்துகொள்கிறார்கள், ஆனால் பிழை பெரும்பாலும் அமைப்பில் இருக்கிறது என்று காட்டினார். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாவிட்டால் கதவைச் செய்தவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே கணினித் துறைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். நீங்கள் செய்ததை உங்கள் அம்மாயியின் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாய் திறவாமல் பாருங்கள். எந்த இடத்தில் விரல் தயங்குகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அதை மாற்றுங்கள். அம்மாயியை மாற்ற முயலாதீர்கள். இதுதான் கடினம். உதவி செய்யத் துடிக்கும் கைதான் முதலில் கெடுக்கும்.

கொழுந்து நிறுக்கும் மின்தராசையும் எண்ணிப் பாருங்கள். அதன் இலக்கம் நிறுப்பவரின் பக்கம் மாத்திரம் ஒளிர்ந்தால், கூடையைச் சுமந்து வந்தவள் தன் உழைப்பின் அளவைப் பிறர் வாயால்தான் அறிய வேண்டும். இரு பக்கமும் இலக்கம் தெரியும்படி அமைத்தால், “எத்தனை கிலோ ஐயா?” என்று அவள் கேட்க வேண்டியதே இல்லை.