பிள்ளையின் பின்னேரம்

பிள்ளையை ஒரு வகுப்பில் இறக்கிவிட்டு அடுத்த வகுப்புக்கு ஏற்றப் போவதற்குள் இங்கே எட்டிப் பார்த்திருக்கும் அம்மாமாரே, அப்பாமாரே!

ஒக்டோபர் வாசிப்பு மாதம். பிள்ளைகள் ஏன் புத்தகம் வாசிக்கிறார்கள் இல்லை என்று இந்த நூலகத்தில் பேசச் சொன்னார்கள். போன்தான் காரணம் என்று ஐந்து நிமிடம் திட்டிவிட்டு இறங்கினால் நீங்களும் கைதட்டுவீர்கள், நானும் நேரத்துக்கு வீடு போகலாம். ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. வாசிப்பதென்றால் எத்தனை மணிக்கு வாசிப்பது?

மட்டக்களப்பில் கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, செங்கலடி, எந்த ஊரையும் எடுங்கள். ஏழரைக்குப் பள்ளிக்கூட மணி. ஆறரைக்கே வான் வாசலில் நின்று ஹோர்ன் அடிக்கும். ஒரு கையில் புட்டும் மறு கையில் சப்பாத்தும். ஒன்றரைக்குப் பள்ளி விட்டு வருகிற பிள்ளை பாதிச் சோற்றோடு எழும்புகிறது, ஏனென்றால் இரண்டரைக்குக் கணிதம். நாலரைக்கு விஞ்ஞானம். ஆறரைக்கு ஆங்கிலம். சனிக்கிழமை முழுக்க வகுப்பு. ஞாயிறு காலை சிலருக்கு அறநெறிப் பாடசாலை, சிலருக்குப் பூசையும் மறைக்கல்வியும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பிள்ளைகள் ஓதப் போகிற நேரம் இதற்கு மேலதிகம். என் மகன் ஐந்தாம் ஆண்டு. காலையில் எழும்பினால் "அம்மா, இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்கமாட்டான். "இண்டைக்கு எனக்கு என்ன கிளாஸ்?" என்றுதான் கேட்பான். அவனுக்குக் கிழமைக்கெல்லாம் பாடத்தின் பெயர்தான்.

சரி, பெற்றோராகிய நமக்கு இதில் என்ன வேலை? ஏற்றி இறக்குகிற வேலை. பிள்ளைக்குத் தெரிவது அப்பாவின் முதுகு. அப்பாவுக்குத் தெரிவது கண்ணாடியில் ஒரு ஹெல்மெட். ஒரு நாளில் தகப்பனும் மகளும் கதைக்கிற கதையில் முக்கால்வாசி மோட்டார் சைக்கிளில், கல்லடிப் பாலத்துக் காற்றில் நடக்கிறது. "சோதினை எப்பிடி?" என்று அப்பா கேட்பார். பிள்ளை சொன்ன பதில் வாவிக்குள் விழுந்துவிடும். 2013 இல் திறந்த புதிய பாலத்தில்தான் நாம் எல்லாரும் ஓடுகிறோம். பக்கத்தில் 1924 இல் கட்டின லேடி மானிங் பாலம் நிற்கிறது. பின்னேரம் அதில் நடக்கலாம், தூண்டில்காரர்களோடு வாய் கொடுக்கலாம். பாடும் மீன் பிறந்த ஊர் என்று வெளியூராருக்குப் பெருமை பேசுகிறோமே, நிலாக் காலத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்ட பிள்ளை இந்தச் சபையில் யார் வீட்டில் இருக்கிறது? கை உயர்த்துங்கள் பார்ப்போம். நன்றி, இறக்கிவிடுங்கள், அதிகம் இல்லை.

இது வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரைக் கதை. வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கதை வேறு.

அங்கே பெற்றோரின் நாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே முடிகிறது. மண்முனைப் பாலம் 2014 ஏப்ரலில் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனம் வாவியைக் கடந்தது பாதை என்கிற மிதவையில். குருமண்வெளி மண்டூர்ப் பாதையை அறியாத ஆள் இங்கே இல்லை. கரையில் நின்று, பாதை அக்கரை சேரும்வரை கண் எடுக்காத தாய்மாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பார்வை வீண் பயம் அல்ல. 2021 நவம்பர் 23 ஆம் திகதி, நமது இதே கிழக்கு மாகாணத்தில், கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில் பதிலுக்கு ஓடிய பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பிணமாக வந்தார்கள். மாரி பிறந்தால் வெல்லாவெளிப் பக்கம் வெள்ளம் றோட்டை மூடும். வெள்ளம் வடிந்தால் யானை. விடியக்காலையில் யானை நின்ற வளவைத் தாண்டிப் பிள்ளையை அனுப்புகிற தாயிடம் போய் "உங்கட மகள் என்ன புத்தகம் வாசிக்கிறா?" என்று கேட்க எனக்கு வாய் வராது.

அங்கே பின்னேரம் இருக்கிறது. எழுவான்கரையிலிருந்து வருகிற ஆசிரியர்மார் பள்ளி விட்டதும் திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பிள்ளைக்கு நேரம் நிறைய. ஆனால் அந்த நேரத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. மாடு இருக்கிறது, தம்பி தங்கச்சி இருக்கிறார்கள், வெள்ளாமைக் காலத்தில் வட்டைக்குச் சோறு கொண்டுபோகிற வேலை இருக்கிறது.

இரண்டு கரைக்கும் பொதுவான ஒரு வீடும் உண்டு. தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலையில் இருக்கிற வீடு. அதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் மேடைகளில் அந்தத் தாய்மாரைக் குற்றம் சொல்வது வழக்கமாகிவிட்டது. கடனுக்காகப் போனவர்கள், கூரைக்காகப் போனவர்கள், மகளின் சீதன வீட்டுக்காகப் போனவர்கள். நமது பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். அந்த வீட்டைக் கட்ட ஒரு பெண்தான் கடல் கடந்திருக்கிறாள். 2013 இல் அரசாங்கம் ஒரு விதி போட்டது: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போக முடியாது. 2022 இல் பொருளாதாரம் விழுந்ததும் அந்த ஐந்தை இரண்டாகக் குறைத்தார்கள். குழந்தையின் வயதை எண்ணினார்கள். அந்த வீட்டில் பதினான்கு வயதில் இன்னொரு பிள்ளை இருப்பதை யாரும் எண்ணவில்லை. அம்மம்மா இருக்கிறா, உண்மைதான். ஆனால் அம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம். ஆகவே தம்பிக்குத் தலை இழுப்பதும், சங்கக் கூட்டத்துக்குப் போவதும், மின்சார பில் கட்டுவதும், இரவில் வீடியோவில் வருகிற தாய்க்கு "எல்லாம் சரியம்மா" என்று சிரித்த முகம் காட்டுவதும் அந்தப் பதினான்கு வயதுப் பெண்பிள்ளை. அவளும் அடுத்த வருடம் ஓ லெவல். பெற்றோரின் அன்றாட வாழ்க்கை என்று நாம் சொல்லுகிறோமே, இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அந்த வாழ்க்கையை வாழ்வது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை.

இனி வகுப்புக் காசுக்கு வருவோம். இலவசக் கல்வி 1945 இல் வந்தது. இலவசப் பாடநூல் 1980 இல். இலவசச் சீருடை 1993 இல். இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கரா அவர்கள் இன்று வந்தால், காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை எல்லாம் இலவசம் என்று சந்தோசப்படுவார். ஒன்றரைக்குப் பிறகு நாம் கட்டுகிற காசைக் கேட்டால் திரும்பிப் போய்விடுவார்.

இந்த வகுப்பு ஓட்டம் எங்கே தொடங்குகிறது என்றால், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில். பத்து வயதுப் பிள்ளைக்கு நாடு முழுவதும் ஒரே நாளில் பரீட்சை. வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையும் கிடைக்கத்தான் அது வந்தது. நல்ல நோக்கம், மறுக்கவில்லை. ஆனால் எழுதுகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் நிற்பார்கள். அப்படி இருக்கும்போது மூன்றாம் ஆண்டிலிருந்தே கடந்தகால வினாத்தாளைக் கையில் கொடுத்தது யார்? 2024 செப்டெம்பர் 15 ஆம் திகதி நடந்த பரீட்சையில் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த வருடத்தின் கடைசி நாளில், அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதுவரை பிள்ளைகள் பெறுபேறு இல்லாமல் காத்திருந்தார்கள் என்று பத்திரிகை எழுதியது. பிள்ளைகளா காத்திருந்தார்கள்? அவர்கள் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிட்டு மாங்காய் அடிக்கப் போய்விட்டார்கள். காத்திருந்தது நாம்.

மட்டக்களப்பு மேடையில் விபுலானந்த அடிகளைச் சொல்லாமல் இறங்கினால் விடமாட்டீர்கள். சொல்லிவிடுகிறேன். விஞ்ஞானம் படித்தவர், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், பிறகு வருடக் கணக்காக யாழ் என்ற ஒரு வாத்தியத்தின் பின்னால் அலைந்தவர். எந்தப் பரீட்சையிலும் யாழுக்குப் புள்ளி இல்லை.

ஆனால் நான் நீண்ட நேரம் யோசிப்பது இன்னொரு பெயரை. வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. 1996 இல், சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், இந்தப் பட்டினத்திலேயே போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாவிலிருந்து வந்த போல் ஹோகன் என்ற கலைஞரும் தொடங்கினார்கள். ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஊர்களிலிருந்து பஸ்ஸில் கூட்டி வந்தார்கள். எதற்கு? மண் பிசைய, படம் கீற, கதை சொல்ல, மரத்தடியில் சும்மா இருக்க. புள்ளி இல்லை, தரவரிசை இல்லை. சோதனைச் சாவடிகளைத் தாண்டி அந்த பஸ் வந்தது. அந்தக் காலத்துப் பெற்றோர் பயந்து பயந்துதான் அனுப்பினார்கள், ஆனால் அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று அம்மா, அப்பா. சோதனைச் சாவடி இல்லாத றோட்டில் அவர்கள் தங்கள் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவது ரியூசனுக்கு.

அப்படியானால் வகுப்பை நிறுத்துங்கள் என்று சொல்கிறேனா? நான் என் மகனையும் நிறுத்தவில்லை, மகளையும் நிறுத்தவில்லை. நிறுத்தமாட்டேன். ஏனென்று எல்லாருக்கும் தெரியும். கூத்துக் களரியில் முன்னால் இருக்கிற ஒருவர் எழும்பினால் பின்னால் இருக்கிறவரும் எழும்பித்தான் ஆகவேண்டும். விடியும்வரை எல்லாரும் கால் கடுக்க நிற்போம், முன்பு இருந்து பார்த்த அதே கூத்தைத்தான் நின்று பார்ப்போம். இதில் தனியாக ஒருவர் உட்கார்ந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. உட்காருவதென்றால் களரியே சேர்ந்து உட்கார வேண்டும்.

வேறு நாடுகள் தடை போட்டுப் பார்த்திருக்கின்றன. சியோல் நகரத்தில் தனியார் வகுப்புகள் இரவு பத்து மணிக்கு மேல் நடக்கக்கூடாது. சீனாவில் 2021 இல் வார இறுதியிலும் விடுமுறையிலும் பள்ளிப் பாடங்களுக்கு வகுப்பு வைப்பதைத் தடுத்தார்கள். உடனே வகுப்புகள் வீட்டுக்குள்ளே ஒளிந்துகொண்டன, கட்டணமும் ஏறியது. ஆகவே மேலிருந்து வருகிற தடையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை சொல்கிறது. 1991 இல் இலங்கை அதை ஏற்றுக்கொண்டது. எந்த வகுப்பு வாசலிலும் அதை எழுதிப் போட்டதாக நான் காணவில்லை.

நமக்கே ஒருமுறை அனுபவம் உண்டு. 2022 இல் பெற்றோல் இல்லை. ஏற்றி இறக்குவது நின்றது. பழைய சைக்கிள்களைத் துடைத்து எடுத்தோம். பால்மா இல்லை, காஸ் இல்லை, அந்த வருடத்தைப் புகழ யாருக்கும் மனம் வராது. ஆனால் பின்னேரங்களில் ஒழுங்கை நிறையப் பிள்ளைகள் நின்றதை நான் கண்டேன். எல்லாருக்கும் ஒரே நாளில் வகுப்பு நின்றதால் யாருடைய பிள்ளையும் பின்தங்கவில்லை.

ஆகவே நான் கேட்பது சின்ன விசயம். கிழமையில் ஒரு பின்னேரம். புதன்கிழமை என்று வையுங்கள். பத்தாம் வகுப்புக்குக் கீழே யாருக்கும் அன்று வகுப்பு இல்லை. எல்லாருக்கும் இல்லை என்றால் யாருக்கும் நட்டமில்லை. அந்த நாளில் இந்த நூலகத்தின் சிறுவர் பகுதி இருட்டும்வரை திறந்திருக்கட்டும். பிள்ளை வந்து வாசித்தால் வாசிக்கட்டும், வாவிக்கரைக்குப் போனால் போகட்டும். படுவான்கரைக்கு அன்று ஒரு புத்தக வான் போகட்டும். எரிபொருளுக்குப் பெற்றோர் சங்கங்கள் காசு சேர்க்கலாம், நாம் மாதாமாதம் கட்டுகிற கட்டணத்தோடு பார்த்தால் அது பெரிய காசு அல்ல. தாய் வெளிநாட்டில் இருக்கிற வீட்டின் அந்த மூத்த பெண்பிள்ளைக்காக, அன்று பின்னேரம் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுச் சின்னம்மாவோ மாமியோ முன்வர வேண்டும். அதற்குச் சட்டமும் தேவையில்லை, சங்கமும் தேவையில்லை.

எனக்கு அடுத்துப் பேச இருப்பவர் இந்தப் பட்டினத்தில் கணித வகுப்பு நடத்துகிற ஆசிரியர். என் மகளும் அவரிடம்தான் படிக்கிறாள், நல்லாகப் படிப்பிக்கிறார். ஐயா, உங்களுக்குப் புதன்கிழமை நாலரைக்கு ஒரு வகுப்பு இருக்கிறது, எனக்குத் தெரியும். அதை எந்த நாளுக்கு மாற்றலாம் என்று இந்தச் சபைக்கு முன்னால் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள்.