கல் கூறும் வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை ஏட்டிலே கற்பது ஒன்று. அது நிகழ்ந்த இடத்திலே நின்று காண்பது மற்றொன்று. ஏட்டில் ஒருபுறம் மட்டுமே காணப்படும் செய்தியின் மறுபுறத்தைக் கல் காட்டுவதுண்டு. இதற்குப் பொலன்னறுவை நல்ல சான்றாகும்.

1070 ஆம் ஆண்டளவிற் சோழரை வென்று இலங்கையை ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னன், தன் சேனையில் வேளைக்காரர் என்னும் படையினரையும் வைத்திருந்தான். சோழர்மீது படையெடுக்குமாறு மன்னன் பணித்தபோது, அவர்கள் மறுத்துக் கிளர்ந்தெழுந்து அரண்மனையைத் தீக்கிரையாக்கினர் என்று சூளவமிசம் கூறும். மன்னன் கிளர்ச்சியை அடக்கித் தலைவர்களைக் கடுமையாகத் தண்டித்தான். இவ்வளவில் ஏட்டை மூடிவிடுவோர், வேளைக்காரரைத் துரோகிகள் என்றே கொள்வர்.

ஆயின், பழைய நகரின் நடுவே, புத்தபிரானின் தந்ததாதுவுக்கென விஜயபாகு எடுப்பித்த அட்டதாகேயின் அருகே கற்பலகை ஒன்று நிற்கின்றது. அதிற் பொறிக்கப்பட்டிருப்பது தமிழ். மன்னன் மறைந்தபின், பௌத்த சங்கப் பெரியார் ஒருவரின் வேண்டுகோளை ஏற்று, தாம் அழிய நேரினும் தாதுக்கோயிலையும் அதன் உடைமைகளையும் காப்பதாக வேளைக்காரர் அளித்த உறுதியை அது உரைக்கின்றது.

கிளர்ந்த படையின் பெயரும் அதுவே. காவல் பூண்ட படையின் பெயரும் அதுவே. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குபவனுக்கே வரலாறு முழுமையாகப் புலப்படும். வட்டதாகேயின் எழிலைக் காணச் செல்வோர், அயலிலுள்ள அக்கல்லின் முன்னும் சற்று நின்று செல்வாராக.