முதல்ல வீட்டுல சொல்லுங்க!

    

காளப்பநாயக்கன்பட்டி எங்கே இருக்கிறது என்று சென்னையில் கேட்கிறார்கள். ஊர்ப்பேரைக் கண்டக்டர் சொல்லி முடிப்பதற்குள் பஸ் அடுத்த ஊருக்குப் போய்விடும், அவ்வளவு நீளம்! (சிரிப்பு) நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் அடிவாரத்துக் காரவள்ளிக்குப் போக வேண்டும். அங்கே இருந்து மலை உச்சிக்கு 70 கொண்டை ஊசி வளைவு. அந்த வளைவை மட்டும் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்குங்க நடுவர் அவர்களே, பின்னால எனக்கு வேலை இருக்கு.

டிக்கெட் விற்கிறேன் என்று இணையத்தில் ஏமாற்றுகிறவனிடம் பறிகொடுத்த பணம் திரும்பி வருவது பெரிதும் சட்டத்தின் கையிலா, குடும்பத்தின் கையிலா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். எதிரணி அம்மையார் வந்தார். பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவு, மோசடி செய்து பணம் பறித்தால் ஏழாண்டு வரை சிறை என்றார். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-டி, கம்ப்யூட்டர் மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் மூன்றாண்டு வரை என்றார். அத்தனையும் சரி. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அவன் ஏழாண்டு உள்ளே போனால் என் ஏழாயிரம் வெளியே வந்துடுமா? (கைதட்டல்)

தண்டனை வேறு, பணம் திரும்புவது வேறு. நாம் பேச வந்தது இரண்டாவதைப் பற்றி.

முன்பெல்லாம் பிளாக் டிக்கெட் என்றால் தியேட்டர் வாசலில் ஒருத்தன் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, "பத்து இருபது, பத்து இருபது" என்று முனகுவான். காசு கூடக் கேட்பான், ஆனால் டிக்கெட்டைக் கையில் கொடுப்பான். அது ஒரு நாணயம்! (சிரிப்பு) இன்றைக்கு விற்கிறவனுக்கு முகமே இல்லை. 2024 செப்டம்பர் 22-ஆம் தேதி கோல்ட்பிளே என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் மும்பை நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்பனை தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் வரிசையில் நின்றார்கள். டிக்கெட் இருந்ததோ அதில் ஒரு சின்னப் பங்குதான். மிச்சம் இருக்கிற அத்தனை பேரும் யாருக்கு இரை? சில ஆயிரம் ரூபாய் டிக்கெட்டை லட்சக்கணக்கில் கூவினார்கள். அதிலும் பல டிக்கெட் போலி. கடைசியில் அமலாக்கத் துறையே பல நகரங்களில் சோதனை போட வேண்டி வந்தது.

மும்பை நமக்கெதற்கு, சேப்பாக்கத்துக்கு வாருங்கள். 2025 மார்ச் 23, சென்னைக்கும் மும்பைக்கும் ஆட்டம். குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய். விற்பனை இணையத்தில் மட்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் காலி. அந்த வாரம் தோனியைப் பார்க்காவிட்டால் உயிர் தரிக்காது என்று எங்கள் தெருவிலும் ஒரு பையன் இருந்தான். நாமக்கல்லில் காலேஜ் படிக்கிறான். அப்பா லாரி டிரைவர், மாதத்தில் இருபது நாள் வீட்டில் இருக்க மாட்டார். அம்மா சேகோ ஃபேக்டரிக்கு மரவள்ளிக் கிழங்கு தோல் உரிக்கப் போகிறார்கள்.

பையன் டெலிகிராமில் ஒருத்தனைப் பிடித்தான். அவன் டிக்கெட் போட்டோ அனுப்பினான், ஆதார் கார்டு போட்டோ அனுப்பினான். "தம்பி, எங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, அதான் விக்கிறேன்" என்று குரலில் வேறு பேசி அனுப்பினான். இரண்டு டிக்கெட் எட்டாயிரம். அனுப்பினான். அப்புறம் "பேர் மாத்தறதுக்கு மூவாயிரம், திருப்பித் தந்துருவேன்" என்றான். அனுப்பினான். "சர்வர் எரர், இன்னொரு தடவை போடு, ரெண்டும் சேர்ந்து வந்துரும்" என்றான். அதையும் அனுப்பினான். மொத்தம் 14,000 ரூபாய். காலேஜ் பீஸ் கட்ட வைத்திருந்த பணம். அதற்கப்புறம் எதிரே ஆளும் இல்லை, பேரும் இல்லை.

இப்போதுதான் நடுவர் அவர்களே, கவனிக்க வேண்டிய இடம். சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. போன் கையில் இருக்கிறது. 1930 என்று நாலு எண்ணை அழுத்தினால் போதும். அழுத்தவில்லை. என்ன செய்தான் தெரியுமா? அப்பா போனை வாங்கிப் பார்த்தால் என்ன ஆவது என்று பயந்து, பேசியதை எல்லாம் அழித்தான்! அவன் அனுப்பின போட்டோ, குரல், போன் நம்பர், எல்லாவற்றையும். திருடனுக்கு வக்கீல் கூட இவ்வளவு நல்லது செய்திருக்க மாட்டார். (சிரிப்பு) செவ்வாய்க்கிழமை காலையில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து அம்மா கேட்டார்கள்: "என்றா கண்ணு, மூணு நாளா மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" அப்போதுதான் வாய் திறந்தான்.

மூன்று நாள்! இந்த மூன்று நாளைத் தின்றது யார்? சட்டமா? சட்டம் 24 மணி நேரமும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது ஐயா! தின்றது எது என்றால், "அப்பா கொன்னுபோடுவார்" என்கிற பயம். இன்னொரு பயமும் அவனுக்கு இருந்தது. "பிளாக்குல வாங்கினேன்னு சொன்னா போலீசு என்னையும் புடிச்சுருமோ?" என்றானாம். புகார் கொடுக்கப் போகிறவன் ஏமாற்றப்பட்டவன். அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தவா அந்த நம்பரை வைத்திருக்கிறார்கள்? இதை அவனுக்குச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா?

சரி, மூன்று நாளில் அப்படி என்ன போயிற்று என்று கேட்பீர்கள். இப்ப அந்தக் கொண்டை ஊசி வளைவுக்கு வாங்க. திருடன் நம் பணத்தை ஒரே கணக்கில் வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. யாரோ ஒரு ஏழையின் பேரில், அவருக்கு ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்துத் திறந்த வாடகைக் கணக்குக்கு முதலில் போகும். அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு கணக்கும் ஒரு வளைவு. உச்சிக்குப் போய்விட்டால் ஏ.டி.எம்.மில் எடுத்து நோட்டாக்கி விடுவான். நோட்டான பணத்துக்கு ஊரும் இல்லை பேரும் இல்லை. 1930 என்ன செய்கிறது? நீங்கள் சொன்ன பரிவர்த்தனை எண்ணை வைத்து, பணம் போன வங்கிக்கு உடனே தகவல் அனுப்புகிறது. அந்தக் கணக்கில் பணம் இருந்தால் அங்கேயே நிறுத்தி வைக்கிறார்கள். தாண்டிவிட்டது என்றால் அடுத்த வங்கிக்குத் தகவல். காரவள்ளிச் செக்போஸ்ட்டுக்குப் போன் போட்டு "கட்டையை இறக்கு, ஒரு வண்டி வருது" என்று சொல்கிற மாதிரி. வண்டி பத்தாவது வளைவில் இருக்கும்போது சொன்னால் பிடிக்கலாம். செம்மேடு போய், சாமானை இறக்கி, டீயும் குடித்துவிட்டு இறங்கிப் போனவனை எந்தக் கட்டை பிடிக்கும்? (பலத்த கைதட்டல்)

இந்த ஏற்பாடு 2021-இல் வந்தபோது 155260 என்று ஆறு எண் இருந்தது. ஏமாந்த பதற்றத்தில் ஆறு எண் யாருக்கு ஞாபகம் வரும்? பிறகு 1930 என்று நாலாக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த நாலு எண்ணை யார் முதலில் அழுத்துவது என்பதைச் சட்டம் முடிவு செய்ய முடியாது.

எதிரணி நண்பர் ஒருவர், "ரிசர்வ் வங்கி 2017-இலேயே சொல்லிவிட்டது, மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே இல்லை" என்று ஒரு போடு போட்டார். கைதட்டலும் வாங்கிக்கொண்டார். தயவுசெய்து இதை நம்பி யாரும் மூன்று நாள் காத்திருக்காதீர்கள் தாய்மார்களே! அந்தச் சுற்றறிக்கை, நமக்குத் தெரியாமல், நம் தப்பு இல்லாமல் கணக்கில் இருந்து பணம் போனால் பேசுகிறது. டிக்கெட் மோசடியில் என்ன நடக்கிறது? நாமே போனை எடுத்து, நாமே தொகையைப் போட்டு, நாமே ரகசிய எண்ணை அழுத்தி அனுப்புகிறோம். வங்கியில் போய்க் கேட்டால், "நீங்களே போட்டதுதானே" என்பார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், "பொருள் வரவில்லை" என்று வங்கியில் தகராறு பதிந்து திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கிறது. ஜி-பே, போன்-பேயில் ஆளுக்கு ஆள் அனுப்பிய காசுக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் அந்த முதல் மணி நேரம் இவ்வளவு பெரிதாகிறது.

டிக்கெட் விஷயத்தில் இன்னொரு வகையும் உண்டு. 2023 செப்டம்பர் 10, சென்னையில் ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி. நிஜ டிக்கெட் வைத்திருந்தவர்களே கூட்டத்தில் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். மறுநாளே ரகுமான், டிக்கெட் நகலை மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்றார். அங்கே கேட்பதற்கு ஒரு முகவரி இருந்தது, பதில் சொல்ல ஒரு மனிதர் இருந்தார். அப்படி இருந்தால் நுகர்வோர் நீதிமன்றம் வரைக்கும் கூடப் போகலாம். முகவரி இல்லாதவனிடம் பறிகொடுத்தவனுக்கு நேரம் மட்டும்தான் ஆயுதம்.

எங்கள் ஊரிலேயே இன்னொரு வீட்டைச் சொல்கிறேன். ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிற அம்மா. மகள் பாட்டுக் கச்சேரி டிக்கெட்டுக்கு ஆறாயிரம் அனுப்பி ஏமாந்து, பத்தே நிமிஷத்தில் அழுதுகொண்டே கடைக்கு ஓடி வந்தாள். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி என்ன? "உனக்கு எதுக்குடி கச்சேரி?" என்று கேட்கவில்லை. "சரி கண்ணு, அழுவாத, போனை எடு, யாருக்கு அடிக்கோணும்?" என்றார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததாம், பார்க்கவில்லை. 1930-இல் சொல்லி, cybercrime தளத்திலும் புகாரைப் பதிந்து, நாமக்கல் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போய் வந்தார்கள். நாலாயிரத்துச் சொச்சம் நடுவழியில் நின்றது. மிச்சம் போனதுதான். நின்ற பணம் கைக்கு வர மாதங்கள் ஆயிற்று, ஆனால் வந்தது. கச்சேரிக்கு எதுக்குடி போறே என்று அன்றைக்கு ராத்திரி நல்லாத் திட்டு விழுந்ததாம். விழட்டும்! பணத்தை நிறுத்தின பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். (சிரிப்பு)

எதிரணிக்கு ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2024-இல் தமிழ்நாட்டு மக்கள் இணைய மோசடிகளில் இழந்தது சுமார் 1,673 கோடி. அதில் போலீஸ் முடக்கி நிறுத்தியது சுமார் 771 கோடி. உரியவர் கைக்குத் திரும்பிப் போனது சுமார் 83 கோடி. நிறுத்தின பணத்துக்கும் திரும்பின பணத்துக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் பாருங்கள்! ஏன்? நிறுத்துவது ஒரு போனில் முடிகிறது. திரும்ப வாங்குவதற்குப் புகார் எண்ணை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். சில நேரம் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, இந்தப் பணம் எனக்குச் சேர வேண்டியது என்று உத்தரவு வாங்க வேண்டும். சில இடங்களில் லோக் அதாலத்தில் முடித்துக் கொடுக்கிறார்கள். காலேஜ் போகிற பையன் தனியாக நடப்பானா? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அப்பாவோ மாமாவோ கூட நடந்தால்தான் நடக்கும். பணம் நின்ற செய்தி கேட்டதும் "போனது போகட்டும், ஆயிரத்துக்காகக் கோர்ட்டு வாசல்ல நிக்கோணுமா" என்று விட்டுவிடுகிற வீடுகள் எத்தனை!

அந்தத் தோனி ரசிகன் வீட்டுக்குத் திரும்பி வருகிறேன். செவ்வாய்க்கிழமை புகார் கொடுத்தார்கள். பணம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போன ஆடு மாதிரி, தடமே இல்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து ஒரு போன் வந்தது. "சைபர் செல்லில் இருந்து பேசறோம், உங்க பதினாலாயிரம் கிடைச்சிருச்சு, விடுவிக்க ரெண்டாயிரம் கட்டணும்." பையன் கிளம்பிவிட்டான் அனுப்ப! ஏமாந்தவர்கள் பட்டியலே விலைக்குப் போகிறது ஐயா. ஏமாந்தவனை ஏமாற்றுவது சுலபம் என்று அவனுக்குத் தெரியும். எந்தப் போலீசும் எந்த வங்கியும் பணத்தை மீட்டுத் தர முன்பணம் கேட்பதில்லை. இந்த விதி எதுவும் தெரியாத அந்த வீட்டுப் பாட்டி, வெற்றிலையை மென்றுகொண்டே ஒரு கேள்வி கேட்டார்கள்: "ஏஞ்சாமி, ஆட்டைக் களவாண்டுட்டுப் போனவனே கயித்துக்குக் காசு கேக்கறானா?" (நீண்ட கைதட்டல்) இரண்டாயிரம் தப்பித்தது. எந்தப் பிரிவு காப்பாற்றியது? இந்தத் தடவை பையன் வீட்டில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி போனில் பேசினான், அதுதான் காப்பாற்றியது.

நடுவர் மணி அடித்துவிட்டார். ஒரே ஒரு வேண்டுகோளோடு உட்கார்ந்துவிடுகிறேன். வீட்டுக் காலண்டரில் கேஸ்காரர் நம்பர், பால்காரர் நம்பர் எல்லாம் எழுதி வைத்திருப்பீர்கள். அதற்குப் பக்கத்தில் 1930 என்று எழுதிவிடுங்கள், பிள்ளைகள் கண்ணில் படுகிற உயரத்தில். அந்தப் பாட்டி வீட்டில் எழுதியாயிற்று. பேனா கிடைக்கவில்லை என்று அடுப்புக் கரியால் சுவரிலேயே எழுதியிருக்கிறார்கள். வெள்ளையடிக்க வந்தவனைக்கூட அந்த இடத்தைத் தொட விடவில்லை.