பெற்றோரின் கடன்: பிள்ளைகள் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

(நமது சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கடனைப் பற்றிப் பேசச் சொன்னார் நம் செயலாளர். நம் குடியிருப்பில் பலருக்குச் சொந்த ஊர் சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம். நாம் மாதச் சம்பளத்தில் இருக்கிறோம். ஊரில் அம்மாவோ அப்பாவோ பட்டாசு, தீப்பெட்டி வேலை பார்த்து ஓய்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கடன் இருப்பது, வாசலில் ஆள் வந்து சத்தம் போட்ட பிறகுதான் நமக்குத் தெரிகிறது.

அவர்கள் ஊதாரிகள் அல்ல. பட்டாசு வேலையில் பெரும்பாலும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. மழை பெய்தால் வேலை இல்லை. தீபாவளி முடிந்தால் சில வாரம் ஆலை மூடல். 2018 அக்டோபரில் பேரியம், சரவெடி குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் பல ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பின்னால் கொரோனா வந்தது. அந்த மாதங்களில் அடுப்பு எரிந்தது கடனில்தான்.

இப்போது அவர்கள் வருமானம் என்ன? முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். பி.எஃப். ஓய்வூதியம் என்றால் குறைந்தபட்சம் 1,000. நாற்பதாயிரம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால் மாத வட்டியே 1,200. உதவித்தொகை முழுவதும் அதற்கே போகும். அசல் அப்படியே நிற்கும்.

நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குவது. யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எதை ஈடாகக் கொடுத்தது, இதுவரை கட்டியது எவ்வளவு என்று ஐந்து பத்தி போடுங்கள். "ஏன் வாங்கினாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் பாதிக் கடன் மறைந்துகொள்ளும். எழுதாத வெற்றுப் பத்திரத்திலோ காசோலையிலோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று தனியாகக் கேளுங்கள்.

இரண்டாவது, எல்லா வட்டியையும் ஆண்டு வட்டியாக மாற்றுங்கள். பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 120 சதவீதம். தண்டலில் 8,500 கொடுத்து, தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் வாங்கினால், அதுவும் ஏறத்தாழ 120 சதவீதம்தான். வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள். சத்தம் அதிகமான கடனை அல்ல. வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்துப் பெரிய வட்டியை முடிக்கலாம். பத்து சதவீத வட்டி என்றால் அதே நாற்பதாயிரத்துக்கு மாதம் 350 ரூபாய்க்குள் அடங்கும். அடைத்த அன்றே பத்திரத்தையும் காசோலையையும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது, ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். பெற்றோர் கடனுக்குப் பிள்ளை சொந்தப் பணத்தில் பொறுப்பல்ல. அவர்கள் காலத்துக்குப் பிறகும், நமக்கு வந்த அவர்கள் சொத்தின் மதிப்பு வரைதான் பொறுப்பு. ஆனால் ஜாமீன் போட்டால் முழுக் கடனும் நம் தலையில். உதவ நினைத்தால் முடிந்த பணத்தைக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

நான்காவது, மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாமே 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழக அரசு இன்னொரு சட்டமும் கொண்டுவந்தது. வங்கி, நிதி நிறுவன வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ கடனைக் கேட்டுப் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். விவரம் கேட்க எண் 14448. மகளிர் குழுக் கடனாகப் பல நிறுவனங்களில் வாங்கியிருந்தால், எல்லாத் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற 2022 விதியையும் காட்டிக் கேளுங்கள்.

திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்கள் என்றால் வருமான வரம்பே கிடையாது.

கடைசியாக ஒன்று. மருந்து, அரிசி, மின்கட்டணம் போக மிச்சம்தான் கடனுக்கு. கடன்காரருக்குக் கொடுத்துவிட்டு அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால், அடுத்த கடன் ஆஸ்பத்திரிக் கடனாக இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறவர்கள் கையோடு அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். கணக்குப் போடத் துணை வேண்டும் என்றால் மாலையில் என் வீட்டுக்கு வாருங்கள்.