அப்கிரேடு செய்த மறுநாள்

(நம் நலச் சங்கக் கூட்டத்தில் நான் பேசியதை, அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பேச்சு நடையை அங்கங்கே சரிசெய்திருக்கிறேன். மற்றபடி பேசியது இதுதான்.)



போன கூட்டத்தில் குடிநீர்க் குழாய், அதற்கு முந்தையதில் தெருவிளக்கு. இந்த முறை என்னைக் கம்ப்யூட்டர் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார்கள். நான் பி.காம். படித்தவன், வங்கியில் கிளார்க்காகவே இருந்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் நிபுணன் இல்லை. பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து, கறையும் கீறலும் நீக்கிக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. உங்களில் பலருடைய வீட்டுப் படம் என் மேசைக்கு வந்து போயிருக்கிறது. 2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு வரத்து இன்னும் கூடிவிட்டது. கல்யாண மகால் முன்னால் அப்பா, ராஜகிரிப் படியில் பள்ளிக்கூடச் சுற்றுலா, திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே உட்கார்ந்த குடும்பம், சிங்கவரம் ரங்கநாதர் கோயில் படிக்கட்டில் புதுமணத் தம்பதி என்று எல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன.

நடந்ததைச் சொல்கிறேன். சென்ற நவம்பரில் நம் நகரைச் சேர்ந்த ஒரு நண்பரின் மனைவி காலமானார். அந்த அம்மாவுக்குத் தனியாக எடுத்த படம் என்று எதுவும் கிடையாது. கல்யாணத்தில் எடுத்த ஒரு குரூப் போட்டோதான், அதிலும் ஈரம் பட்டு அவர் முகத்தின் குறுக்கே கறை. பதினாறாம் நாள் காரியத்துக்குள் முகத்தை மட்டும் எடுத்துச் சரிசெய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

காரியத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது நான் செய்த காரியம் வேறு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். இந்த லேப்டாப்பில்தான் பென்ஷன் கணக்கு பார்க்கிறேன், நெட் பேங்கிங் செய்கிறேன். பயம் வந்துவிட்டது. சாயங்காலம் பட்டனை அழுத்தி, காலையில் எழுந்தால் விண்டோஸ் 11. முகப்பு அழகாகத்தான் இருந்தது. ஆனால் படத்தைத் திறந்தால் திறந்துகொண்டே இருந்தது. தூரிகையை ஓர் இழுப்பு இழுத்தால் சில நொடி கழித்துத்தான் கோடு விழுந்தது. ஒரு தடவை சேமிக்க நான்கு நிமிடம். நேரம் போகிறதே என்று இடையில் சேமிக்காமலே வேலை செய்தேன். காரியத்துக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்கு மழையில் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி பழசு. மூன்று மணி நேர வேலை போய்விட்டது.

மறுநாள் அங்கே ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். நண்பர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "மெஷின் அது, நீங்க என்ன சார் பண்ணுவீங்க" என்றார். அது எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், "பழசு சார், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். வாங்கவும் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் வங்கிப் புத்தி விடவில்லை.

லெட்ஜர் காலத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அன்றன்று கணக்கு டாலி ஆகாமல் வீட்டுக்குப் போக முடியாது. வித்தியாசம் வந்தால் லெட்ஜரையே மாற்றச் சொல்லமாட்டார்கள், தேடச் சொல்வார்கள். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் 54-ஐ 45 என்று எங்கோ இடம் மாற்றி எழுதியிருக்கலாம். இரட்டைப்படையாக இருந்தால் அதில் பாதித் தொகையைத் தேடு, பற்றில் போக வேண்டியது வரவில் போயிருக்கும். முக்கியமாக, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட வேண்டும். ஒரேயடியாக நான்கு இடத்தில் திருத்தினால் எந்தத் திருத்தம் சரி, எது தவறு என்று பிறகு தெரியாது.

ஒரு நோட்டை எடுத்தேன். அந்த அம்மாவின் அதே குரூப் போட்டோவைத்தான் சோதனைப் படமாக வைத்துக்கொண்டேன். திறக்க எவ்வளவு நேரம், சேமிக்க எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரம் பார்த்து எழுதினேன். அப்கிரேடுக்கு முன்னால் எவ்வளவு ஆயிற்று என்பதற்கு என்னிடம் குறிப்பே இல்லை. தொடக்க இருப்பு எழுதாமல் கணக்கு ஆரம்பித்த மாதிரி.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு பத்து நிமிடம் இதைக் கேட்டுக்கொண்டால் உங்கள் கடைக்காரரிடம் ஏமாறமாட்டீர்கள். 12-க்கு 10 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்று ஸ்கேன் செய்தால், அகலத்தில் 7200, உயரத்தில் 6000. பெருக்கினால் 4 கோடியே 32 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் நிறத்துக்காக மூன்று பைட். ஆக ஏறத்தாழ 130 எம்.பி. டிஸ்கில் ஜேபெக் கோப்பாகச் சுருக்கி வைத்தால் சிறிதாகத் தெரியும், திறந்தவுடன் மெமரியில் முழு உருவம் எடுத்துவிடும். கறைக்கு ஓர் அடுக்கு, கீறலுக்கு ஓர் அடுக்கு என்று முழு அளவில் ஆறு அடுக்கு போட்டால் 780 எம்.பி. செய்ததை ரத்து செய்து திரும்பிப் போவதற்கான நினைவு அதற்கு மேல். என் லேப்டாப்பில் ரேம் 8 ஜி.பி. அதில் விண்டோஸ், பிரவுசர், ஆன்டிவைரஸ் எல்லாம் பங்கு கேட்கின்றன. இடம் போதாதபோது மென்பொருள் டிஸ்கில் தற்காலிகமாக எழுதி வைத்துக்கொண்டு வேலை செய்யும். அந்த டிஸ்க் மெதுவானதாகவோ நிரம்பியதாகவோ இருந்தால் எல்லாம் நின்றுவிடும்.

முதலில் டாஸ்க் மேனேஜர். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். சிபியு, மெமரி, டிஸ்க் என்று யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்று காட்டும். என் போட்டோ மென்பொருளை மூடி வைத்திருந்தபோதே டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. அப்கிரேடு முடிந்த முதல் ஓரிரு நாள் விண்டோஸ் எல்லாக் கோப்புகளையும் தேடுவதற்காக அட்டவணை போடும், பாதுகாப்புச் சோதனை நடக்கும், பாக்கி அப்டேட்கள் இறங்கும். அந்த நேரத்தில்தான் நான் அவசரப்பட்டிருக்கிறேன். ராத்திரி முழுவதும் சார்ஜரோடு ஆன் செய்து விட்டுவிட்டேன். காலையில் அதுவே பாதி சரியாகியிருந்தது.

இரண்டாவது, சி டிரைவில் 9 ஜி.பி.தான் மிச்சம். விண்டோஸ்.ஓல்டு என்று ஒரு ஃபோல்டர் உட்கார்ந்திருந்தது. அது பழைய விண்டோஸ். அவசரப்பட்டு அழிக்காதீர்கள். பத்து நாளைக்குள் பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் ரிகவரி பகுதி வழியாகப் பழையதற்கே திரும்பலாம், அதற்கு அந்த ஃபோல்டர் வேண்டும். அன்றிரவு இது தெரிந்திருந்தால் ஆதார் படத்துக்கு வேலை வந்திருக்காது. கெடு முடிந்தால் அதுவாகவே போய்விடும். நான் என் பழைய ஸ்கேன்களை வெளி டிஸ்குக்கு மாற்றி இடம் செய்தேன். தற்காலிகக் கோப்பை டி டிரைவுக்கு மாற்றினால் போதாதா என்று ஒருவர் கேட்டார். ஒரே டிஸ்கை சி, டி என்று பிரித்திருந்தால் இடம் கிடைக்கும், வேகம் கிடைக்காது.

மூன்றாவது முழுக்க என் தவறு. அப்கிரேடு முடிந்ததும் வந்த கேள்விகளுக்கெல்லாம் படிக்காமல் 'நெக்ஸ்ட்' அழுத்தியிருக்கிறேன். அதில் ஒன்று, படங்கள் ஃபோல்டரை இணையச் சேமிப்பில் ஏற்றட்டுமா என்பது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அந்தப் பெரிய கோப்பு இணையத்தில் ஏறத் தொடங்கியது. நிறுத்தினேன். நிறுத்துகிறவர்கள் கோப்பு உண்மையில் நம் டிஸ்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்துங்கள். ஒத்திசைவில் இருக்கும்போது அங்கே அழித்தால் இங்கேயும் போகும்.

தூரிகை தாமதம் மட்டும் அசையவில்லை. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் பார்த்தால், சொந்த டிரைவருக்குப் பதில் பொதுவான ஒன்று இருந்தது. லேப்டாப் தயாரித்த கம்பெனியின் தளத்தில் என் மாடலுக்கான டிரைவரை எடுத்துப் போட்டேன். கோடு கையோடு வந்தது. அந்த ராத்திரி என்னைக் கெடுத்தது இதுதான். இருபது நிமிட வேலை.

கடைசியாகத்தான் செலவு செய்தேன். சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு கடையில் எஸ்எஸ்டி போட்டுக்கொண்டேன். முதல் நாள் திறக்க 2 நிமிடம் 40 நொடி எடுத்த படம் இப்போது 20 நொடிக்குள் திறக்கிறது. புது லேப்டாப் விலையில் சிறு பங்குதான் ஆயிற்று.

மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பை அணைத்தால் வேகம் கூடும் என்று வீடியோ போடுகிறார்கள். நான் அணைக்கவில்லை. பணம் இருக்கிற அறைக்கு, காற்று வரட்டும் என்று கதவைத் திறந்துவைப்பார்களா?

விண்டோஸ் 11-க்கு உங்கள் கம்ப்யூட்டர் தகுதியா என்பது தனி விஷயம். டிபிஎம் 2.0 சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். குறைந்தபட்சம் 4 ஜி.பி. ரேம் என்று போட்டிருப்பார்கள். அது கம்ப்யூட்டர் ஓடுவதற்கு, போட்டோ திருத்துவதற்கு அல்ல. தகுதி இல்லாதவர்கள் உடனே தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸ் 10-க்குக் கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை தரும் ஏற்பாடு இருக்கிறது. அதற்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தகுதி உள்ளவர்கள், கையில் தேதி வைத்த வேலை எதுவும் இல்லாத வாரமாகப் பார்த்து மாறுங்கள். அதற்கு முன் படங்களை இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஒரு படம் திறக்க இன்று எத்தனை நொடி என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.

அந்த அம்மாவின் படத்தைத் தை மாதம் முடித்துக் கொடுத்தேன். கறை போய்விட்டது, இடது காதுக் கம்மல் வரைக்கும் தெரிகிறது. நண்பர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கம்மல் எங்க அம்மா போட்டது, இவ்வளவு நாள் மறந்தே போயிட்டேன்" என்றார். ஆதார் படத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டியிருக்கிறார்.

அப்கிரேடுக்குப் பிறகு லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வருகிற இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். சார்ஜரையும் கொண்டு வாருங்கள். போட்டோ கொண்டுவருகிறவர்கள் மூலப் படத்தை என்னிடம் விட்டுப் போக வேண்டாம், அங்கேயே ஸ்கேன் செய்து கையோடு தந்துவிடுகிறேன்.