விரும்பிய துறையும் வாழ்க்கைத் தொழிலும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற கல்வி ஊக்குவிப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர்கள் தாம் விரும்பும் கல்வியையும் தொழிலையும் நாடிச் செல்வது பற்றி உரையாற்றுமாறு நிர்வாகத்தினர் என்னைப் பணித்தனர். இப்பொருளில் இளைஞர்களுக்கு அறிவுரை வழங்குவது எளிது. ஆண்டுதோறும் நாம் அதனைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆகவே, இன்று நான் பெற்றோர்களிடமும் ஆலயத்தாரிடமும் சற்று அதிகமாகப் பேச விரும்புகிறேன். ஒரு மாணவருக்கு ஒரு துறையின்மீது விருப்பம் தோன்றுவது அவருடைய உள்ளத்தில். அவ்விருப்பம் நிலைபெறுவதோ பெரும்பாலும் பிறருடைய கையில் உள்ளது.

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் நம் இல்லங்களில் நிகழ்வதை எண்ணிப் பாருங்கள். நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளை என்றால் மருத்துவம். அடுத்தபடி சட்டம், பொறியியல், கணக்கியல். அப்பிள்ளை தாவரவியல் என்றோ, வரலாறு என்றோ, மொழியியல் என்றோ சொல்லிவிட்டால், "அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?" என்னும் கேள்வி உடனே எழுகிறது. இக்கேள்வியை நான் ஏளனம் செய்ய மாட்டேன். தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், இரயில்வேயிலும் நகராண்மைக் கழகத்திலும் உழைத்தவர்களும் தம் மக்களுக்கு விட்டுச்செல்ல நிலபுலன் ஏதுமின்றிக் கல்வி ஒன்றையே சொத்தாகக் கருதினர். அந்தச் சொத்து வீணாகிவிடுமோ என்னும் அச்சத்திலிருந்து பிறந்த கேள்வி அது. அதற்கு மரியாதை தந்து விடை கூறவேண்டும்.

ஆனால், பாதுகாப்பான துறை என்று நாம் நம்பியிருப்பவையும் மாறிவிட்டன. மருத்துவப் பட்டம் பெற்றால் அரசாங்க மருத்துவமனையில் நிரந்தரப் பதவி உறுதி என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. 2016ஆம் ஆண்டின் இறுதி முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையிலேயே பணியில் அமர்த்தப்பட்டனர். 2021 ஜூலை மாதத்தில், பெருந்தொற்றின் நடுவிலேயே, ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்புடை அணிந்து பணிவிடங்களிலிருந்து வெளிநடப்புச் செய்ததை நாம் அனைவரும் கண்டோம். மருத்துவம் படிக்கக்கூடாது என்று நான் கூறவில்லை. நோயாளியின் அருகில் நிற்கும் விருப்பம் இல்லாத பிள்ளையை, வேலை உறுதி என்னும் ஒரே காரணத்திற்காக, வீட்டை அடகு வைத்து அனுப்புவதற்கு இப்போது அந்தக் காரணமும் முன்போல் வலுவாக இல்லை என்கிறேன்.

மருத்துவத்திலும் விருப்பத்தின் வழியே சென்றவர்கள் உண்டு. 1879இல் இதே பினாங்கில் பிறந்து, பினாங்கு பிரீ ஸ்கூலில் பயின்று, 1896இல் மகாராணியார் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்ற டாக்டர் வூ லியன் தே அவர்களை நினைவுகூரலாம். அவர் மனம் நுண்ணுயிரியலில் பதிந்தது. 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவியபோது, அது மூச்சுக்காற்றின் வழியே பரவுவதை உணர்ந்து, முகக்கவசம் அணியச் செய்து, அதனை அடக்கியவர்களுள் முதன்மையானவர் அவரே.

நம்மிடையே அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படுபவர் கணிதமேதை இராமானுஜன். அவருடைய வரலாற்றை நாம் பாதிதான் சொல்கிறோம் என்பது என் எண்ணம். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தவர், கணிதம் தவிர்ந்த பாடங்களைக் கவனியாமையால் அதனை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. இதுவரை எல்லாரும் சொல்வது. அதன்பிறகு நிகழ்ந்ததைக் கவனியுங்கள். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கணிதம் கற்றவர்; இராமானுஜனின் திறமையை உணர்ந்து, அலுவலகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வரை கொண்டுசென்றார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914இல் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.

இதனைக் கேட்டு, "வேலையை உதறிவிட்டு விருப்பத்தைத் தேடு" என்று யாரேனும் பொருள்கொண்டால் அது பிழையாகும். எழுத்தர் வேலை அவருக்குச் சோறு போட்டது; இரவில் கணிதம் செய்ய மன அமைதியும் தந்தது. மேலதிகாரி ஒருவர் அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். துறைமுக நகரத்தில் வாழும் நமக்கு இந்தச் செய்தி இன்னும் நெருக்கமானது. நம் அலுவலகங்களில், நம் கடைகளில் வேலை செய்யும் இளைஞரின் நோட்டுப் புத்தகத்தை நாம் என்றேனும் திறந்து பார்த்திருக்கிறோமா?

இனி, நம் நாட்டு வரலாற்றுக்கு வருகிறேன். பினாங்கில் 1816ஆம் ஆண்டு தமிழ் வகுப்பு தொடங்கப்பட்டதை அடிப்படையாகக் கொண்டு, 2016இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். அந்த முதல் வகுப்புக்கும், இந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஒரு பாடத்துறையாக ஏறுவதற்கும் இடையே 140 ஆண்டுகள் கழிந்தன. அதுவும் தானாக வந்துவிடவில்லை.

அக்காலத்தில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைக்க எண்ணியபோது, பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. அவர் சமஸ்கிருதத்திற்கு முதன்மை தரப் பரிந்துரைத்தார். இங்கு வாழும் இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழராயிருக்க, தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று "தமிழ் முரசு" ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் குரல் எழுப்பினார். குரல் எழுப்பியதோடு நில்லாமல், "தமிழ் எங்கள் உயிர்" என்னும் பெயரில் நிதி திரட்டினார். வணிகர் கொடுத்தனர், ஆசிரியர் கொடுத்தனர், தோட்டத் தொழிலாளரும் தம் கூலியிலிருந்து கொடுத்தனர். பல்கலைக்கழகத்தின் வாசலையே மிதித்திராதவர்கள், தாம் ஒருபோதும் அமரப்போவதில்லாத வகுப்பறைக்காகக் கொடுத்த பணம் அது. 1956இல் தொடங்கிய அத்துறை, பின்னர் கோலாலம்பூர் வளாகத்திற்கு மாறி, இன்றுவரை மாணவர்களை உருவாக்கி வருகிறது.

"அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?" என்று அந்தத் தொழிலாளர்கள் கேட்டிருந்தால் அத்துறையே இருந்திருக்காது.

1961இல் அத்துறைக்குத் தலைமையேற்க வந்தவர் தனிநாயகம் அடிகளார். அவர் 1913இல் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தவர். உரோமாபுரியில் சமயக் கல்வி பயின்று குருவானவர். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் பள்ளியில் பணியாற்றிய காலத்தில் தமிழ் இலக்கியத்தின்பால் ஆழ்ந்த பற்றுக்கொண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலச் சேர்ந்தபோது அவருக்கு முப்பது வயது கடந்துவிட்டது. அந்த வயதில் மாணவராக அமர்ந்தவர், சங்கப் பாடல்களில் இயற்கை பற்றி ஆராய்ந்தார். 1952இல் "தமிழ்க் கல்ச்சர்" என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1966 ஏப்ரல் மாதத்தில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டுவித்தார். தொழிலாளரின் பணம் அமைத்த நாற்காலியில் அத்தகைய ஒருவர் வந்து அமர்ந்தார் என்பதை நினைக்குந்தோறும் என் நெஞ்சம் நெகிழ்கிறது.

முப்பது வயதில் கற்கத் தொடங்குவது என்றதும் நம் பினாங்கின் சிறப்பு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1969இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் தோன்றி, பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் எனப் பெயர்பெற்று, பிரிட்டிஷ் இராணுவ முகாமாக இருந்த மிண்டன் திடலில் குடியேறிய கல்விக்கூடம், 1971ஆம் ஆண்டிலேயே வேலை செய்வோருக்கான வெளிவளாகக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. இந்நாட்டில் அத்தகைய முயற்சிக்கு அதுவே முன்னோடி. அஞ்சலில் பாடங்கள் வரும். ஆண்டின் விடுமுறைக் காலத்தில் வளாகத்தில் தங்கித் தீவிரப் பயிற்சி பெறவேண்டும். பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு பள்ளியில் கற்பித்துக்கொண்டிருந்த ஆசிரியர்களும், அலுவலக எழுத்தர்களும் இவ்வழியே பட்டதாரிகள் ஆயினர். பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்தில் 1972 முதல் தொழிற்சாலைகள் எழுந்தபின், பகலில் இயந்திரத்தோடும் இரவில் புத்தகத்தோடும் வாழ்ந்த இளைஞர்களை இந்த ஊர் அறியும். இந்த அவையிலேயே அத்தகையோர் சிலர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய இல்லத்தரசியரையும் இவ்வேளையில் குறிப்பிட வேண்டும். கணவர் படிக்கும் அறையின் வானொலியைத் தணித்துவைத்து, பிள்ளைகளை வெளியே அழைத்துச்சென்ற அந்தத் தாய்மார்களுக்கு எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் மேடை இருந்ததில்லை.

இன்று வேலையில் இருந்துகொண்டு, "நான் விரும்பியது இதுவன்று" என்று உள்ளத்தில் ஏங்கும் இளைஞர்களுக்கு இதனைச் சொல்கிறேன். தொலைநிலைக் கல்வி இன்றும் உண்டு. சம்பளத்தைக் கைவிடாமல் விருப்பத்தைத் தொடரும் வழி இந்தத் தீவிலேயே இருக்கிறது.

படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்குச் சிலவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். ஆறாம் படிவத்தைத் தாழ்வாக எண்ணாதீர்கள், எஸ்.டி.பி.எம். கடினமானது, ஆனால் செலவு குறைவு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்பவை அதன் முடிவுகள். தனியார் கல்லூரியில் சேர்வதற்கு முன், அப்பாடத்திட்டம் மலேசியத் தகுதி நிறுவனமாகிய எம்.கியூ.ஏ.யின் அங்கீகாரம் பெற்றதா என்று நீங்களே பாருங்கள். முகவர் சொல்வதை நம்பாதீர்கள். வெளிநாட்டில் மருத்துவம் பயில்வோர், அக்கல்லூரி மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலில் உள்ளதா என்று பார்த்தபின் முன்பணம் கட்டுங்கள். பி.டி.பி.டி.என். கடன் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் என்பதைக் கையொப்பமிடும் நாளிலேயே நினைவில் வையுங்கள்.

நிறைவாக, நிர்வாகத்தினரிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் இந்த மேடையில் அதிக ஏ பெற்ற மாணவர்களுக்குப் பரிசளிக்கிறோம், அது தொடரட்டும். 2024இல் பிரதமர் அறிவித்தபடி, பத்து ஏ-க்களோ அதற்கு மேலோ பெறுவோருக்கு மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்க வழி பிறந்திருக்கிறது, மகிழ்ச்சியே. ஆனால் ஆறு ஏ பெற்று, வேதியியலில் உயிரையே வைத்திருக்கும் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? சபா பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியல் பயில இடம் கிடைத்து, விமானக் கட்டணத்திற்கு வழியின்றி அந்த இடத்தைக் கைவிட நினைக்கும் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? கடனுதவியின் முதல் தவணை கைக்கு வருவதற்கு முன்னரே விடுதிக் கட்டணம், பயணச் செலவு, கணினி என்று வந்து நிற்கும். அந்தச் சில வாரங்களில்தான் பல விருப்பங்கள் மடிந்துவிடுகின்றன.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியெங்கும் நாம் தண்ணீர்ப்பந்தல் அமைக்கிறோம். நடந்து வருபவரிடம், "நீ எத்தனை காவடி எடுத்தாய்?" என்று எவரும் கேட்பதில்லை. களைத்து வருகிறார், வழி இன்னும் இருக்கிறது என்பதைக் கண்டு மோர் கொடுக்கிறோம். நம் கல்வி நிதியில் ஒரு பகுதியை இம்முறையில் ஒதுக்க வேண்டுகிறேன். மேடையில் ஒருமுறை வழங்கும் உறையாக இல்லாமல், சேரும் மாதத்தில் ஒரு தொகையும், படித்து முடிக்கும்வரை பருவந்தோறும் ஒரு சிறு தொகையுமாக அது அமையட்டும். தேர்ந்தெடுக்கும் குழுவினர், மாணவர் ஏன் அத்துறையை விரும்புகிறார் என்று அரைமணி நேரம் அமர்ந்து கேட்கட்டும்.

பணம் தேவைப்படாத உதவி ஒன்றும் உண்டு. இந்த ஆலயத்திற்கு வரும் பக்தர்களுள் பொறியாளர், தாதியர், வழக்கறிஞர், ஆய்வுக்கூடப் பணியாளர், சமையற்கலைஞர், மாலுமி எனப் பலர் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேரம், உங்கள் தொழிலைப் பற்றி ஒரு மாணவரோடு உரையாட இயலும் என்றால், இன்றே உங்கள் பெயரை ஆலய அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். முதற்பெயராக என் பெயரை எழுதிவிட்டுத்தான் மேடை ஏறினேன்.